ஆண் துறந்த பட்டு, பெண் இழந்த பாக்கெட்

ஐரோப்பிய உடை வரலாறு என்று பேச்சு எடுத்தாலே அது நேராகப் பெண்கள் பக்கம்தான் போகும். இடுப்பை இறுக்கும் கோர்செட், கம்பிக் கூண்டு வைத்த பாவாடை, தரையில் இழுபடும் கவுன். ஆண்கள் என்னவோ ஆதிநாள் தொட்டுக் கறுப்புக் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்த மாதிரியும், பட்டு, சரிகை, லேஸ், ஹை ஹீல்ஸ் எல்லாம் பிறவியிலேயே பெண்ணுக்கு என்று எழுதிவைத்த மாதிரியும் ஒரு நினைப்பு பலருக்கும் இருக்கிறது. கொஞ்ச காலமாக இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன், அருங்காட்சியகங்கள் இணையத்தில் போட்டிருக்கும் படங்களைப் பெரிதாக்கித் தையல் தையலாகப் பார்க்கிறேன், எனக்குப் புரிந்தவரை கதை வேறு. கிட்டத்தட்ட 1340இலிருந்து 1780 வரை ஐரோப்பாவில் பணம் படைத்த ஆண் தன் மனைவிக்குச் சற்றும் குறையாமல் உடுத்தினான், பல சமயம் கூடுதலாகவே. அதற்கப்புறம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டான். பகட்டு முழுவதும் பெண் பக்கம் ஒதுங்கியது. இது எப்படி நடந்தது என்ற கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆரம்பத்தில் பெரிய வித்தியாசமே கிடையாது. 1300 வாக்கில் ஒரு பிரபுவும் அவர் மனைவியும் போட்டது ஏறக்குறைய ஒரே வடிவம்தான், தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் நீளமான தளர்ந்த அங்கி. 1340களில் இது மாறுகிறது. ஆணின் மேலாடை இடுப்புக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது, உடம்போடு ஒட்டுகிறது, முன்பக்கம் முழுக்கப் பட்டன் வருகிறது, கால்களில் காலுறை மாதிரி ஒட்டிக்கொள்ளும் ஹோஸ். பெண்ணின் உடையும் மேல்பகுதியில் இறுகியது, ஆனால் கீழே நீளம் நீளமாகவே இருந்துவிட்டது. அதாவது முதலில் பிரிந்தது கால். ஆணுடைய கால் ஊரறிய வெளியே வந்தது, பெண்ணுடைய கால் அடுத்த ஐந்நூற்றுச் சொச்சம் வருடத்துக்குத் துணிக்குள்ளேயே இருந்தது.

தையல் தெரிந்தவர்கள் ஒரு துணியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரான்சின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில் இருக்கும் சார்ல் த ப்ளுவாவின் மேலாடை. பிரெத்தாஞ் டியூக் பட்டத்துக்காகப் பல வருடம் சண்டையிட்டு 1364இல் போர்க்களத்தில் இறந்தவர் அவர், இது அவருடையது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சிங்கமும் கழுகும் நெய்த பட்டு, உள்ளே திணிப்பு வைத்துத் தைத்தது. அதில் என்னை அசத்தியது ஆர்ம்ஹோல், அதாவது கைத்துணியைப் பொருத்தும் துளை. நாம் வெட்டுகிற மாதிரி தோள் மூட்டோடு நிற்காமல், நெஞ்சுப் பக்கமும் முதுகுப் பக்கமும் பெரிய வட்டமாக உள்ளே வரை போகிறது, அந்த வட்டத்தை நிரப்பக் கைத்துணியில் முக்கோணத் துண்டுகளை ஒட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இப்படி வெட்டினால் கையை எவ்வளவு உயரத் தூக்கினாலும் சட்டையின் கீழ்ப்பகுதி இடுப்பை விட்டு மேலே ஏறாது. வாள் வீசுகிற ஆளுக்கு வேறென்ன வேண்டும்? இன்றைக்கு ரெடிமேட் சட்டை போட்டுக்கொண்டு பஸ் கம்பியைப் பிடிக்கும்போது சட்டை முழுதும் மேலே இழுத்துக்கொண்டு வருகிறதே, அந்தப் பிரச்சினைக்கு அறுநூறு வருடம் முன்னாலேயே ஒரு டெய்லர் தீர்வு கண்டுவிட்டார்.

பதினாறாம் நூற்றாண்டில் ஆணின் உடை உச்சத்துக்குப் போகிறது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியை ஹோல்பைன் வரைந்த ஓவியம் பலருக்கும் ஞாபகம் இருக்கும், ஆளை விட அகலமான தோள், மேல்துணியைக் கீறி உள்துணியை வெளியே இழுத்துவிட்ட அலங்காரம், தொடைகளுக்கு நடுவே திணித்துத் தைத்து எடுப்பாக நிற்கும் காட்பீஸ். கொஞ்ச நாளில் மோஸ்தரின் தலைமை ஸ்பெயினுக்குப் போகிறது, இரண்டாம் பிலிப்பின் அரசவை கறுப்பை அணிகிறது. அந்தக் காலத்தில் ஆழ்ந்த கறுப்பு என்பது விலை உயர்ந்த சாயம், மெக்சிகோவின் காம்பெச்சே பக்கத்திலிருந்து கப்பலில் வந்த மரக்கட்டையிலிருந்து எடுத்தார்கள். எளிமைக்காகக் கறுப்பு என்பதெல்லாம் பிற்பாடு வந்த எண்ணம்.

அப்புறம் கழுத்தைச் சுற்றி நிற்கும் ரஃப். மெல்லிய லினன் துணியை மீட்டர் கணக்கில் கொசுவி, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி மாட்டிக்கொண்டார்கள். தனியாக விட்டால் அது தொய்ந்து தோளில் விழும். நிற்க வைத்தது கஞ்சி. 1564இல் டிங்ஹென் வான் டெர் பிளாஸ்ஸே என்ற ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பெண் கணவரோடு லண்டனுக்குக் குடிவந்து, கஞ்சி போடும் வித்தையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுக் கொடுத்தார், காய்ச்சக் கற்பதற்கு ஒரு கட்டணம், போடக் கற்பதற்கு வேறு கட்டணம். நம் வீட்டில் வேட்டிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக எடுப்பதைப் போலத்தான், ஆனால் ஒவ்வொரு மடிப்பையும் சூடான கம்பியைச் செருகித் தனித்தனியாக வளைக்க வேண்டும், துவைக்கும்போதெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. ராஜாக்களின் ஓவியங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கம்பியைப் பிடித்திருந்த கைகள்தான் மனதில் வருகின்றன. ஸ்பெயினில் நான்காம் பிலிப் 1623இல் செலவைக் காரணம் காட்டி ரஃபுக்குத் தடை போட்டார்.

ஹீல்ஸ் விஷயத்துக்கு வருவோம். குதிகால் உயர்ந்த செருப்பு பாரசீகக் குதிரை வீரர்களுடையது. அங்கவடியில் காலை ஊன்றி எழுந்து வில் வளைக்கும்போது கால் நழுவாமல் இருக்க அது உதவியது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1599இல் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு அனுப்பினார், பாரசீகப் பொருள்கள் மேல் அங்கே மோகம் வளர்ந்த காலம் அது, குதிகாலும் கூடவே பரவியது. ஆக அது வீரனுடைய, ஆணுடைய அடையாளமாகத்தான் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. பெண்கள் அதை ஆண்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

இதன் உச்சம் லூவ்ர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. 1701இல் இயாசிந்த் ரிகோ வரைந்த பதினான்காம் லூயியின் ஓவியம். ராஜாவுக்கு அப்போது 63 வயது. தலையில் தோள் வரை புரளும் சுருள் விக், கழுத்தில் லேஸ், நீல வெல்வெட்டில் தங்க லில்லிப்பூ, உள்ளே வெள்ளை மென்மயிர். அந்த மேலங்கியை ஒரு பக்கம் தூக்கித் தோளில் போட்டிருப்பதே காலைக் காட்டத்தான். வெள்ளைப் பட்டு ஸ்டாக்கிங், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை தெரியும் கால்கள், நடனக்காரரின் நிற்கும் நிலை (இளம் வயதில் அவர் அரசவை பாலே நடனங்களில் ஆடியவர்), காலில் சிவப்பு ஹீல்ஸ். சிவப்புக் குதிகால் வெர்சாய் அரசவைப் பிரபுக்களின் தனி அடையாளம். பேரன் ஸ்பெயின் ராஜா ஆனதும் அவனுக்குப் பரிசாக அனுப்பத்தான் இதை வரையச் சொன்னார், படம் பிடித்துப்போனதால் தானே வைத்துக்கொண்டார். அதிகாரம் என்றால் என்ன என்று அந்தக் காலத்து ஐரோப்பாவைக் கேட்டால் இந்தப் படத்தைத்தான் காட்டியிருக்கும், இதில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் இன்றைக்குக் கடையில் பெண்கள் பிரிவில்தான் தேட வேண்டும்.

ஆனால் விரிசல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. அக்டோபர் 1666, லண்டன் மாநகரம் எரிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, முந்தைய வருடம் கொள்ளைநோய், போதாததற்குப் போர். இரண்டாம் சார்லஸ் ராஜா தன் ஆலோசனை சபையில் இனி ஒரு புது உடை அணியப்போவதாகவும் அதை மாற்றவே மாட்டேன் என்றும் அறிவிக்கிறார். கோட்டுக்குள் போடும் நீளமான வெஸ்ட். பிரபுக்களுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுக்கத்தான் இது என்று லண்டன் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறார். பீப்ஸ் ஒரு டெய்லரின் மகன், துணி விஷயத்தில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அடுத்த மாதமே பிரான்ஸ் ராஜா தன் வேலைக்காரர்களுக்கெல்லாம் வெஸ்ட் மாட்டிவிட்டாராம் என்று கேள்விப்பட்டதையும் எழுதுகிறார். மாற்றவே மாட்டேன் என்ற வாக்கை ராஜா காப்பாற்றவில்லை, ஆனால் கோட், வெஸ்ட், கீழே முழங்கால் வரை வரும் பிரீச்சஸ் என்ற மூன்று துண்டு அமைப்பு நிலைத்துவிட்டது. இன்றைய த்ரீ பீஸ் சூட்டின் தாத்தா அதுதான். வெஸ்டின் நீளம் குறைந்தது, பிரீச்சஸ் பேன்ட் ஆனது, மற்றபடி எலும்புக்கூடு அதே.

எனக்கு இதை விட முக்கியமாகப் படுவது 1675. அதுவரை பாரிசில் ஆண் உடையும் பெண் உடையும் தைக்கும் உரிமை ஆண் டெய்லர்களின் சங்கத்திடம் இருந்தது. பெண்கள் திருட்டுத்தனமாகத் தைத்துப் பிடிபட்டு அபராதம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெண்ணே அளவெடுத்து உடுத்துவதுதான் அடக்கத்துக்கு ஏற்றது என்று மனு போட்டு, அந்த வருடம் லூயியிடம் தையல்காரப் பெண்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வாங்கிவிட்டார்கள். பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் கோர்செட்டுக்கு முன்னோடியான ஸ்டேஸ் தைக்கும் வேலை டெய்லர்களிடமே தங்கிவிட்டது, ஆண் உடையும்தான். அன்றிலிருந்து இரண்டு கைகள், இரண்டு பயிற்சிகள், இரண்டு தொழில்கள்.

இதன் விளைவைத் துணியிலேயே பார்க்கலாம். பெண்ணின் கவுன் பட்டு, தறி அகலம் சுமார் 20 அங்குலம்தான், விலையோ தையல்கூலியை விடப் பல மடங்கு. அதனால் தைப்பவர் பட்டை வெட்ட மாட்டார், மடிப்பார். முழு அகலத்தையும் உடம்பின் மேல் விரித்து, மடிப்பு வைத்து, பெரிய பெரிய தையலாகப் போட்டுவைப்பார். நாளைக்குப் பிரித்து வேறு மோஸ்தருக்கு மாற்றலாம், மகளுக்குக் கொடுக்கலாம். லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்களுக்குப் பூ டிசைன் வரைந்து கொடுத்த ஆன்னா மரியா கார்த்வெய்ட் தன் வரைபடங்களில் தேதி போட்டுவைத்தார், அவற்றில் பல இன்றும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பட்டு 1740களில் நெய்தது, கவுனின் வெட்டு 1770களுடையது என்று கண்டுபிடிக்க முடிவது இப்படித்தான். ஆண் பக்கத்தில் டெய்லர் கம்பளியை எடுத்தார். கம்பளியை வெட்டலாம், ஆவியில் காட்டி இஸ்திரி போட்டு வளைக்கலாம், உள்ளே திணிப்பு வைத்து இல்லாத தோளை உண்டாக்கலாம். ஒருவர் மடிப்பில் தேர்ந்தார், இன்னொருவர் வெட்டில் தேர்ந்தார். கொஞ்ச காலத்தில் வெட்டு என்பதே ஆண் உடையின் பெருமை ஆகிவிட்டது, அலங்காரம் தேவையில்லாமல் போனதற்கு அது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கதையில் நம் சோழமண்டலக் கரைக்கும் இடம் உண்டு. பழவேற்காடு, நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம் வழியாகக் கப்பலேறிய சீட்டி என்ற பூப்போட்ட பருத்தித் துணி ஐரோப்பாவைப் பைத்தியமாக்கியது. அழகு மட்டும் காரணமில்லை. அவர்களுடைய அச்சுத் துணி துவைத்தால் சாயம் போய்விடும், நம்மவர்களுடையது போகாது. படிகாரம் வைத்துச் சாயவேரில் காய்ச்சிய சிவப்பு துவைக்கத் துவைக்க நின்றது. ஆணும் வாங்கினான், பெண்ணும் வாங்கினாள். ஆண்கள் வீட்டில் போட்டுக்கொள்ளும் பன்யான் என்ற தளர்ந்த அங்கியைச் சீட்டியில் தைத்துக்கொண்டார்கள். நமது பீப்ஸ் 1663இல் மனைவியின் அறைக்குச் சீட்டி வாங்குகிறார், 1666இல் தன் உருவப்படத்துக்கு இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை அதைத் தொடர்ந்தது. இங்கிலாந்தில் 1700இல் ஒரு சட்டம், போதாமல் 1721இல் இன்னொன்று. அதற்கு முன்னால் 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் சீட்டி உடுத்திப் போன பெண்களை மறித்து உடம்பில் இருந்த துணியைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள், அமிலம் வீசினார்கள். வீட்டுக்குள் பன்யானில் உட்கார்ந்திருந்த ஆண்களை யாரும் தொடவில்லை. பட்டினி நெசவாளனின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது, அது போய் விழுந்த இடம்தான் பொறுக்கவில்லை.

சரி, 1750 வாக்கில் வசதியான ஒரு லண்டன் பெண் காலையில் எப்படி உடுத்தினாள் என்று ஒருமுறை வரிசையாகப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். முதலில் முழங்கால் தாண்டும் லினன் ஷிஃப்ட், ஸ்டாக்கிங் தவிர உடம்போடு படுவது அது ஒன்றுதான், அடிக்கடி துவைப்பதும் அதைத்தான். ஸ்டாக்கிங், அது நழுவாமல் முழங்காலில் ஒரு நாடா. பிறகு ஸ்டேஸ், இரண்டு அடுக்கு லினனுக்குள் திமிங்கலத்தின் வாய்த் தகட்டை நறுக்கிய கீற்றுகளைச் செருகி, முதுகில் ஒரே கயிற்றால் இழுத்துக் கட்டுவது. இதைப் போட்ட எல்லோரும் மயங்கி விழுந்தார்கள் என்று சொல்வது அநியாயம். பால் கறந்தவர்களும் வீடு துடைத்தவர்களும் ஸ்டேஸ் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்கள், அது மார்பையும் முதுகையும் தாங்கியது, மேலே ஏற்றிக் கட்டும் அத்தனை பாவாடைகளின் பாரத்தையும் இடுப்பு மட்டும் சுமக்காமல் பார்த்துக்கொண்டது.

அதற்குமேல் வருவது என் மனதுக்கு மிகவும் பிடித்தது, கட்டிக்கொள்ளும் பாக்கெட். ஒரு நாடாவில் கோத்த இரண்டு பைகள், பக்கத்துக்கு ஒன்று, மேலே குறுகிக் கீழே அகன்ற வடிவம், நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு வெட்டு. பாவாடைக்கும் கவுனுக்கும் பக்கத் தையலில் திறப்பு விட்டிருப்பார்கள், கை நேராக உள்ளே போய்விடும். யார் கண்ணுக்கும் தெரியாத பை, ஆனால் அதில் பூ வேலை செய்து, தன் பெயரின் முதலெழுத்தைத் தைத்து வைத்தார்கள். பணம், சாவி, கத்தரி, விரல் கவசம், கடிதம், பழம், எல்லாம் அதற்குள். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றப் பதிவுகளில் பாக்கெட் திருட்டு வழக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலோடு. நானே ஒரு ஜோடி தைத்துப் புடவைப் பாவாடைக்கு மேல் கட்டிப் பார்த்தேன். கைபேசி, பர்ஸ், வீட்டுச் சாவி, மடித்த துணிப்பை எல்லாம் போட்டும் இடம் மிச்சம் இருந்தது, பாரம் இரண்டு இடுப்பு எலும்பிலும் சமமாக உட்கார்ந்தது.

பாக்கெட்டுக்கு மேல் பாவாடைகள், விசேஷம் என்றால் பக்கவாட்டில் அகலும் வளையக் கூடு, நெஞ்சில் ஒரு முக்கோணத் துண்டு, கடைசியில் கவுன். கவுனை மூடியது குண்டூசி. பட்டனும் கொக்கியும் அரிது, பெரும்பாலும் ஒவ்வொரு நாளும் குண்டூசியால் குத்திக் குத்தித்தான் பொருத்தினார்கள். மெலிந்தாலும் பருத்தாலும் கர்ப்பமானாலும் ஊசி குத்தும் இடத்தை மாற்றினால் போதும்.

கட்டிக்கொள்ளும் அந்தப் பாக்கெட்டைக் கொன்றது பருத்தி. 1783இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் எலிசபெத் விஜே லெ ப்ரன் ராணி மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் உடையிலும் வைக்கோல் தொப்பியிலும் வரைந்த படத்தை வைத்தார். ராணியை உள்ளாடையில் காட்டலாமா என்று கூச்சல், லியோன் பட்டுத் தொழிலைக் கெடுக்கிறாள் என்று இன்னொரு கூச்சல், படத்தை எடுத்துவிட்டுப் பட்டு உடையில் வேறு படம் வைத்தார்கள். ஆனால் பத்து வருடத்துக்குள் எல்லோரும் அந்த மஸ்லினுக்கு வந்துவிட்டார்கள், இடுப்பு மார்புக்குக் கீழே ஏறியது, துணி உடம்போடு விழுந்தது. அப்படிப்பட்ட துணிக்குள் இரண்டு பருத்த பைகளைக் கட்டினால் துருத்திக்கொண்டு தெரியும். பை கைக்கு வந்தது, ரெடிக்யூல் என்ற குட்டிச் சுருக்குப் பை. கிராமத்துப் பெண்களும் வயதானவர்களும் பழைய பாக்கெட்டை விடவில்லை, ஆனால் மோஸ்தர் அதைக் கைவிட்டுவிட்டது. அதே காலத்தில் ஆணின் கோட்டிலும் வெஸ்டிலும் பிரீச்சஸிலும் தைத்தே வந்த பாக்கெட்டுகள் பத்திரமாக இருந்தன.

ஆண் பக்கம் திரும்பினால், மே 1789இல் பிரான்சில் மூன்று வகுப்பாரின் சபை கூடியது. பிரபுக்களுக்குத் தங்க வேலைப்பாடும் இறகுத் தொப்பியும், பொதுமக்களின் பிரதிநிதிகளுக்குச் சாதாரணக் கறுப்பு உடை என்று விதி போட்டார்கள். அவமானப்படுத்துவதற்காகக் கொடுத்த கறுப்பு சில மாதங்களில் கௌரவம் ஆகிவிட்டது. முழங்கால் பிரீச்சஸைப் பிரபுக்களின் உடை என்று தள்ளிவிட்டு உழைப்பாளிகளின் நீளக் கால்சட்டை அரசியலுக்குள் வந்தது. இங்கிலாந்தில் 1795இல் தலைக்குப் போடும் பவுடருக்கு வருடம் ஒரு கினி (அந்தக் காலத்து ஆங்கில நாணயம்) வரி, பவுடரும் கொஞ்ச நாளில் போனது.

இதையெல்லாம் ஒரு கலையாகச் செய்து காட்டியவர் ஜார்ஜ் பிரம்மெல். பிரபு குடும்பம் இல்லை, பெரிய சொத்து இல்லை. கரு நீலக் கம்பளிக் கோட், வெளிர் நிறக் கால்சட்டை, பளபளக்கும் பூட்ஸ், கழுத்தில் அளவாகக் கஞ்சி போட்ட வெள்ளை லினன். தினம் குளித்தார், வாசனைத் தைலத்தைத் தொடவில்லை. அவர் லண்டனில் கோலோச்சிய காலத்தில் டெய்லர்கள் அங்குல நாடாவுக்குக்கூட முழுதாக மாறவில்லை, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு காகிதக் கீற்று, அதில் தோளுக்கு ஒரு வெட்டு, மார்புக்கு ஒரு வெட்டு என்று குறி போடும் பழக்கம் இன்னும் இருந்தது. அந்தக் கோட்டுகளின் கம்பளி அவ்வளவு இறுக மிதித்துப் பதப்படுத்தியது, ஓரத்தை மடித்துத் தைக்கவே வேண்டாம், வெட்டிய விளிம்பு பிரியாது. முழுப் பெருமையும் உடம்போடு பொருந்தும் வெட்டில் இருந்தது. கடன் தலைக்கு மேல் போய் 1816இல் பிரான்சுக்கு ஓடி, 1840இல் கான் நகரத்து மனநோய் விடுதியில் இறந்தார். ஆனால் அவர் போட்ட பாதையில்தான் அரசர்கள் முதல் வங்கி குமாஸ்தா வரை நடந்தார்கள்.

1930இல் லண்டன் உளவியலாளர் ஜே. சி. ஃபுளூகெல் இந்த மாற்றத்துக்கு ஆண்களின் மாபெரும் துறவு என்று பெயர் வைத்தார். அழகாக இருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து, உபயோகமாக இருக்கும் உரிமையை ஆண் எடுத்துக்கொண்டான் என்பது அவர் வாதம். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துறந்தவன் தன் செல்வத்தைக் காட்டுவதை நிறுத்தவில்லை, மனைவி உடம்பில் காட்டினான். பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பாருங்கள். கணவன் கறுப்பு, பக்கத்தில் மனைவி அத்தனை நிறமும். 1856இல் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியா மருந்து செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயம் கண்டுபிடித்தார், 1858இல் மகளின் கல்யாணத்துக்கு விக்டோரியா ராணி அந்த நிறத்தில் வந்தார். பளிச்சென்ற பச்சைக்கு ஆர்செனிக் சேர்த்தார்கள், லண்டனில் துணிப்பூவுக்கு அந்தப் பச்சைப் பொடி தூவும் வேலை பார்த்த 19 வயது மெட்டில்டா ஷூரர் 1861இல் அந்த விஷத்தால் இறந்தாள். 1856இல் வந்த எஃகு வளையக் கிரினோலின் ஒரு விதத்தில் நிம்மதி, ஏழெட்டுக் கனத்த பாவாடைகளின் வேலையை ஒரு கூண்டு பார்த்துக்கொண்டது. ஆனால் அவ்வளவு அகலமான மெல்லிய துணிக்குக் கணப்பும் மெழுகுவர்த்தியும் எப்போதும் பக்கத்திலேயே இருந்தன. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் தந்தைக்கு வேறு உறவில் பிறந்த சகோதரிகள் இருவர் 1871இல் அயர்லாந்தில் ஒரு விருந்தில் உடையில் தீப்பிடித்து இறந்தார்கள், ஒருத்தியின் உடை பற்ற, அணைக்கப் போன மற்றவளின் உடையும் பற்றியது.

பேன்ட் கதையைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. 1793 அக்டோபர் 29 அன்று பிரெஞ்சுப் புரட்சி அரசு, ஆணோ பெண்ணோ எந்தக் குடிமகனையும் இன்ன உடைதான் உடுத்த வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆணை போட்டது. மறுநாளே பெண்களின் அரசியல் சங்கங்களைத் தடை செய்தது. 1800இல் பாரிஸ் போலீஸ் ஆண் உடை போட விரும்பும் பெண் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது, அதுவும் உடல்நலக் காரணத்துக்கு மட்டும். விலங்குகளை வரைவதில் ஐரோப்பாவே கொண்டாடிய ஓவியர் ரோசா பொனோர் சந்தைக்கும் இறைச்சிக் கூடத்துக்கும் போய் வரைய 1857இல் அப்படி ஒரு சீட்டு வாங்கினார், செல்லுபடி ஆறு மாதம். 1892இலும் 1909இலும் கையில் சைக்கிளோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். இங்கிலாந்தில் 1881இல் தொடங்கிய பகுத்தறிவு உடைச் சங்கம், ஒரு பெண்ணின் உள்ளாடைகள் மொத்தமாக 7 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 3.2 கிலோவுக்கு மேல் கனக்கக் கூடாது என்று கேட்டது. கேட்டதே அவ்வளவு என்றால் அதுவரை சுமந்தது எவ்வளவு? அதன் தலைவியாக இருந்த லேடி ஹார்பர்டன் 1898இல் சைக்கிளில் போய்ச் சர்ரேயில் ஒரு விடுதியில் இறங்கினார், தொளதொள கால்சட்டை போட்டிருந்ததால் சாப்பாட்டு அறைக்குள் விட மறுத்தார்கள். அவர் சார்பில் விடுதி மேல் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். பாரிசின் 1800ஆம் வருட உத்தரவு இனிச் செல்லாது என்று ஒரு பிரெஞ்சு அமைச்சர் எழுத்தில் உறுதிசெய்தது 2013 ஜனவரியில்.

அதற்குள் இரண்டு உலகப் போர்கள் வந்து பெண்களுக்குத் தொழிற்சாலைக் கால்சட்டையைக் கொடுத்துவிட்டன, 1947இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் டியோர் மறுபடியும் இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரித்தார், 1966இல் இன்னொரு வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரான் ஆணின் விருந்து சூட்டைப் பெண்ணுக்கு வெட்டினார். பெண்கள் ஆணின் அலமாரியிலிருந்து கோட்டையும் பேன்ட்டையும் எடுத்துக்கொண்டார்கள், பாக்கெட் மட்டும் பாதிதான் வந்தது. இன்றும் பெண்கள் ஜீன்ஸில் விரல் நுனி மட்டும் நுழையும் பாக்கெட், சிலவற்றில் மேல்தையல் மட்டும், உள்ளே பையே இல்லை. நான் தைக்கும் பாவாடை, குர்தா எல்லாவற்றிலும் பக்கத் தையலில் பை வைக்கிறேன், உள்ளங்கை முழுக்க இறங்கும் ஆழத்துக்கு. துணி அதிகம் பிடிக்குமே என்று கேட்பவர்களுக்கு, கைத்துணி வெட்டியதுபோக மிஞ்சும் துண்டிலேயே இரண்டு பையும் வந்துவிடும் என்று மேசையில் போட்டு வெட்டிக் காட்டுகிறேன்.